மஃரிபுக்கு முன்னால் ஒரு பாங்கு

விசேட கல்வி அலகுகளில் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியைகள் சிலர் சேர்ந்து, என் அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். 'அறிவுரை வேண்டாம் டீச்சர், நடந்ததைச் சொன்னால் போதும்' என்று கூடவே ஒரு வரியும் அனுப்பியிருந்தார்கள். முன்கூட்டியே அப்படிச் சொல்லிவைக்குமளவுக்கு யாரோ என்னைப் பற்றி அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் நீண்டுவிட்டதாக வீட்டிலும் முறைப்பாடு இருக்கிறது. முடிந்தவரை சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். விசேட கல்விக்கு ஓர் ஆசிரியை வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கேட்டபோது எங்கள் பாடசாலையில் எவரும் கை உயர்த்தவில்லையாம். அன்று நான் லீவு. திரும்பி வந்தபோது என் பெயர் போயிருந்தது. பிறகு பயிற்சிக்குப் போனேன், பாடங்களை மனனம் செய்தேன், சான்றிதழோடு கல்முனைக்குத் திரும்பினேன். அலகுக்கென்று சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் ஓர் அறை தந்தார்கள். உடைந்த கதிரைகள் அடுக்கியிருந்த இடம் அது. கதிரைகளை வெளியே எடுத்துவிட்டு எங்களை உள்ளே வைத்தார்கள்.

என் உண்மையான பயிற்சி அந்த அறைக்குத் தவமணி மிஸ் வந்த நாளில் தொடங்கியது. மிஸ் காரைதீவைச் சேர்ந்தவர், விசேட கல்விக்கான ஆசிரிய ஆலோசகர். மேற்பார்வைக்கு வரும் மற்றவர்களுக்கு நாங்கள் கதிரை துடைத்து, இளநீர் வெட்டி வைப்போம். மிஸ் குடையை மூலையில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, பிள்ளைகளின் பாயில் சுவரோடு சாய்ந்து இருந்துவிடுவார். ஒரு பாடவேளை முழுக்க ஒரு சொல் வராது. பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது.

அப்போது அலகில் அனஸ் என்று ஒரு சின்னப் பையன் இருந்தான். ஓட்டிசம் உள்ள பிள்ளை. சொந்தமாகச் சொல்ல அவனிடம் நாலைந்து சொற்கள்தான். ஆனால் கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பித் தருவான். அக்கரைப்பற்று பஸ் நடத்துனர் போலக் கூவுவான், மீன்காரரின் ஹோர்ன் போல ஊதுவான். மிஸ் வந்திருந்த அன்று திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினான். நானும் விடாமல், கத்தக்கூடாது, கையை எடு, இங்கே பார், தண்ணீர் வேணுமா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பாடம் முடிந்ததும் மிஸ் கேட்டார்:

"அதுக்கு முன்னுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கல்ல மிஸ். சும்மா கத்தினான்."

"சும்மா எண்டு ஒண்டும் இல்ல டீச்சர். நாளைக்கும் வாறன்."

மறுநாளும் வந்தார். அதே பாய், அதே சுவர். போகும்போது குடையை விரித்தபடி சொன்னார்: "கோவிக்கக்கூடா. மணி அடிச்சவுடன அவனுக்குக் காது வலிக்கிது. அந்த நேரம் பார்த்து நீங்களும் கதைக்கிறீங்க. நீங்க கதைக்கிறதும் அவனுக்கு ஒரு சத்தம்தான்."

கோவிக்கக்கூடாது என்று சொன்னால் கோபம் வராமல் இருக்குமா? பிள்ளைகளோடு கதைப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று வீட்டில் போய்க் குமுறினேன். ஆனாலும் அடுத்த தடவை மணி அடித்தபோது, பரீட்சித்துப் பார்க்கிறேன் என்று வீம்புக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவன் காதைப் பொத்தினான், கொஞ்சம் ஆடினான், கையை எடுத்தான். கத்தவில்லை. எனக்கு மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது.

அதற்குப் பிறகுதான் பட அட்டைகளுக்கு வந்தோம். அட்டை கொடுத்துக் கேட்கப் பழக்குவதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் பிள்ளைக்கு முன்னால் இருப்பார், பிள்ளை விரும்பும் பொருள் அவர் கையில் இருக்கும். மற்றவர் பின்னால். பிள்ளை பொருளுக்குக் கை நீட்டும்போது, பின்னால் இருப்பவர் அந்தக் கையை மெதுவாக அட்டைக்குத் திருப்பி, அட்டையை முன்னால் இருப்பவரின் உள்ளங்கையில் வைக்க உதவ வேண்டும். பின்னால் இருப்பவர் வாய் திறக்கவே கூடாது. அட்டை கைக்கு வந்தவுடன் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். 'பொறு', 'பிறகு தாறன்', 'நல்ல பிள்ளையா இருந்தா' என்ற கதைக்கெல்லாம் அங்கே இடமில்லை. கேட்டால் கிடைக்கும் என்று நம்பினால்தான் பிள்ளை மறுபடியும் கேட்கும். மிஸ் என்னை எப்போதும் பின்னால்தான் இருத்துவார். காரணத்தை நான் கேட்கவில்லை.

அனஸ் வளர்ந்தான். தண்ணீர், ஊஞ்சல், வீடு என்று அட்டைகள் கூடின. மீசை அரும்பி, குரல் உடைந்து தடித்தது. நான் சொல்ல வந்த நோன்பு மாதம் அப்போதுதான் வந்தது.

நோன்புக்கு எங்கள் பாடசாலைகள் விடுமுறை. அனஸுக்கு அது பாடசாலை இல்லாத மாதம் மட்டுமல்ல, நாளே தலைகீழாகிவிட்ட மாதம். காலையில் உம்மா படுத்திருக்கிறார், பகலில் அடுப்பு எரிவதில்லை, பின்னேரமானால் எல்லாச் சத்தமும் ஒன்றாகப் புறப்படுகிறது. அவர்களுடைய வீடு கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகும் ஒரு குறுகிய ஒழுங்கையில். வாப்பா நவாஸ் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். உம்மா றிசானா. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வீட்டுக்கு மேல் ஒரு மாடி கட்டத் தொடங்கி, சீமெந்து பூசாமல் அரைகுறையாக நின்றது. அனஸுக்குப் பிடித்த இடம் அந்த வெறும் மாடி.

ஒருநாள் பின்னேரம், சூரியன் இன்னும் வயல் பக்கம் இறங்கி முடியவில்லை, அந்த மாடியிலிருந்து, நோன்பு துறக்கும் நேரத்து மஃரிப் பாங்கு கேட்டது. பாங்கு மட்டும் கேட்டிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். முதலில் மைக்கைத் தட்டும் 'டொக் டொக்', பிறகு பாங்கு சொல்லும் மோதினாரின் இருமல், பிறகு அவருடைய குரலிலேயே பாங்கு. வெறும் சுவர்களில் பட்டு அது ஒலிபெருக்கி போலவே வந்திருக்கிறது. எங்கள் ஊரில் பள்ளிவாசல்கள் நெருக்கம். ஒரு பள்ளியில் பாங்கு முந்தும், மற்றதில் பிந்தும். முதலில் கேட்டதோடு ஈத்தம்பழத்தை வாயில் போடுவதுதான் எல்லாருக்கும் பழக்கம். ஒழுங்கை முழுக்கப் போட்டது. கஞ்சியும் குடித்தது. சிலர் தொழுகைக்கே நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரிய பள்ளியில் உண்மையான மைக்கின் 'டொக் டொக்' கேட்டது.

இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. பகல் முழுக்க வெயிலில் நின்றவர்களின் நோன்பு வீணாகிவிட்டது, பெருநாளைக்குப் பிறகு அதைக் கழாச் செய்ய வேண்டும், திரும்பவும் ஒரு நாள் நோற்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுலைஹா ராத்தா மதிலுக்கு மேலால் ஏசிய ஏச்சு கடற்கரைக்கே கேட்டதாம். நவாஸ் மகனை அடித்தார். மறுநாள் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர் ஒருவர் கடைக்கே வந்திருக்கிறார்.

"தம்பி, நாங்க ஏச வரல்ல. அது ஒண்டுந் தெரியாத புள்ள. ஆனா இது ஊருட நோன்பு. கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஏசியிருந்தால் நவாஸ் பதிலுக்கு ஏசியிருப்பார். அந்த மரியாதைதான் அவரை முறித்தது. மாடிக் கதவைப் பூட்டினார். அனஸ் அந்தக் கதவில் நெற்றியை மோதிக் காயப்படுத்திக்கொண்டான். றிசானா அழுதழுது எனக்கு ஃபோன் எடுத்தபோது, விசயம் அதற்கும் மேலே போயிருந்தது. வெளி மாவட்டத்தில் இப்படியான பிள்ளைகளை வைத்திருக்கும் விடுதியொன்றில் நவாஸ் இடம் பேசிவிட்டார். பெருநாள் முடிந்த கையோடு கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

நான் போய் அவரோடு சண்டை பிடித்தேன். நோன்பு வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கக்கூடாதுதான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நாங்க மௌத்தானா இவன ஆரு டீச்சர் பார்க்கிற? இப்பவே பழகட்டும்."

இந்தக் கேள்வியை என் சேவைக்காலம் முழுக்க எத்தனையோ பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். "பெருநாள் வரைக்கும் எனக்குத் தவணை தாங்க" என்று மட்டும் கேட்டேன்.

"பெருநாள் வரைக்குந்தான்" என்றார்.

தவமணி மிஸ்ஸுக்குச் சொன்னேன். அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு குடையோடு வந்து இறங்கினார். றிசானா அவருக்கு மட்டும் பிளேன்டி ஊற்றப் போனபோது, "வையுங்க, பாங்குக்குப் பிறகு எல்லாரோடயும் குடிப்பம்" என்று தடுத்துவிட்டு, மாடிப்படியின் அடியில் நிலத்தில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். வெறும் வயிறு, தலையிடி வேறு. இரண்டு பேரும் அனஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் றிசானாவின் கிறைண்டர். பிறகு மதிலுக்கு அப்பால் சுலைஹா ராத்தாவின் பெரிய கிறைண்டர். நோன்பு மாதத்தில் அவர் சமூசாவும் ரோல்ஸும் போட்டு விற்பவர். எண்ணெய்ச் சத்தம், வாங்க வந்தவர்களின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன், கஞ்சிக்குப் பாத்திரத்தோடு ஓடும் பிள்ளைகள், பசியில் ஆளுக்காள் எரிந்து விழும் குரல்கள். நேரம் நெருங்க நெருங்க எல்லாம் ஏறிக்கொண்டே போனது. அனஸ் காதைப் பொத்தினான், எழுந்தான், இருந்தான், பூட்டிய கதவைப் பார்த்தான்.

"இதுதான் முன்னுக்கு நடக்கிறது. இனிச் சொல்லுங்க டீச்சர், அண்டைக்கு அவன் பாங்கு சொன்னதுக்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைச்சது?" என்று மிஸ் கேட்டார்.

"வாப்பாட அடி கிடைச்சது."

"அடிக்கு முதல்?"

நான் யோசித்தேன். அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் உண்மையான பாங்கு தொடங்கியது. கிறைண்டர்கள் நின்றன. ஹோர்ன் நின்றது. ஓடிய பிள்ளைகள் வீடுகளுக்குள் போய்விட்டார்கள். ஒழுங்கையில் ஒரு மனிதக் குரல் இல்லை. எங்கோ ஒரு கோப்பையில் கரண்டி படும் சத்தம் மட்டும் வந்தது. அனஸ் காதிலிருந்து கையை எடுத்தான். தோள் இறங்கியது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாள் முழுக்க அவனைச் சுற்றி ஏறும் சத்தத்தை ஒரே அடியில் நிறுத்தக்கூடிய ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. அதை அவன் கண்டுபிடித்திருக்கிறான். அவனால் அதைச் செய்யவும் முடிந்திருக்கிறது. செய்தான். சத்தத்தை நிறுத்துங்கள் என்று கேட்பதற்கு அவனிடம் ஓர் அட்டை இருக்கவில்லை.

மிஸ் ஈத்தம்பழத்தைக் கடித்தபடி, "நாம நினைக்கிறது சரியோ எண்டு தெரியாது. சத்தத்தக் குறைச்சிப் பாருங்க. பாங்கு குறைஞ்சா சரி" என்றார்.

அடுத்த நாளே வேலையைத் தொடங்கினோம். காதைப் பொத்திய ஒரு பையனை அட்டையில் வரைந்து, கீழே 'சத்தம்' என்று எழுதினேன். றிசானா முன்னால், நான் பின்னால். கிறைண்டர் ஓடும்போது அவன் கை காதுக்குப் போகும். அதை நான் அட்டைக்குத் திருப்புவேன். அட்டை உம்மாவின் கையில் விழுந்தவுடன் அவர் சுவிச்சை நிறுத்துவார். அரைத்தது அரைத்தபடி நிற்கும். பின்னால் ஆளில்லாமல் அவனாகவே அட்டையைக் கொடுக்கும் வரை அதைப் பழக்கினோம். ஓடு வெட்டுகிறவர்கள் காதுக்குப் போடும் மூடியொன்றை ஹாட்வெயார் கடையில் வாங்கி வந்தோம். வீட்டுச் சமையலை அஸருக்கு முன்பே முடித்தோம். மாடிக் கதவைத் திறந்துவிடும்படி நவாஸிடம் கேட்டு, அதற்கும் ஒரு சண்டை பிடித்துத் திறப்பித்தேன்.

வீட்டுக்குள் சத்தத்தைக் குறைக்கலாம். ஒழுங்கையை என்ன செய்வது? சுலைஹா ராத்தாவிடம் போனேன்.

"என்ட யாவாரம் வருசத்தில இந்த ஒரு மாசந்தான் டீச்சர். அவன் என்ட நோன்பையும் கெடுத்தான், இனி யாவாரத்தையும் கெடுக்கிறதா?"

அவர் கேட்டதில் பிழையில்லை. வாதாடினால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது. "ஒருக்கா மேல வந்து நில்லுங்க ராத்தா, வேறொண்டும் கேட்கல்ல" என்றேன். கிறைண்டரை மகளிடம் விட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே மாடிக்கு வந்தார். வெறும் சுவர்களுக்கு நடுவில் நின்றார். கீழே இருந்து அவருடைய கிறைண்டரும் ஹோர்ன்களும் ஏறி வந்து சுவருக்குச் சுவர் மோதின. நான் வாய் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவர் முந்தானையால் காதை மூடினார்.

"யா அல்லாஹ், எல்லாம் தலைக்குள்ளயே வந்து விழுதேகா" என்றார்.

அவருக்கு மனம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இரண்டு மூன்று நாள் எங்கள் பக்கம் திரும்பாமலே இருந்தார். பிறகு ஒரு பின்னேரம் பார்த்தால், சமூசா மேசை ஒழுங்கை முனைக்கு, பெரிய றோட்டுக்குப் போயிருந்தது. ஹோர்ன் அடிக்கிறவர்களும் அதோடு போய்விட்டார்கள். அங்கே யாவாரம் கூடிவிட்டது என்பதை அவர் இன்றுவரை என்னிடம் ஒப்புக்கொண்டதில்லை.

மாடியிலிருந்து பாங்கு வரவில்லை. ஆனால் நவாஸ் அசைவதாயில்லை. "அடிச்ச பயத்தில இரிக்கான் டீச்சர். அவனுக்கு அது ஒரு விளையாட்டு. மறந்தாப்போல திரும்பவும் சொல்லுவான்" என்றார். விடுதிக்குக் கொண்டுபோக அனஸுக்குப் புதுச் சாரன்களும் சேர்ட்டுகளும் கடையிலிருந்து வந்து ஒரு பையில் இருந்தன. றிசானா அந்தப் பையைத் தாண்டித் தாண்டித்தான் குசினிக்குப் போய்வந்தார்.

பெருநாள் நெருங்கிவிட்டது. அன்று நோன்பு துறக்க என்னை அழைத்திருந்தார்கள். மஃரிபுக்குக் கொஞ்சம் இருக்கையில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. காற்றாடி நின்றது, கிறைண்டர்கள் நின்றன, யாரோ வீட்டு டிவியும் நின்றது. கடை இருண்டுவிட்டதால் நவாஸும் வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லாரும் பாயில் இருந்தோம், கையில் ஈத்தம்பழம். பெரிய பள்ளியின் ஜெனரேட்டரும் அன்று பார்த்துக் கிளம்ப மறுத்துவிட்டது, மற்றப் பள்ளிகளில் ஜெனரேட்டரே இல்லை. நேரம் ஆகிவிட்டது போலிருந்தது. மைக் தட்டப்படவில்லை. ஒழுங்கையில் ஆளுக்காள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

மதிலுக்கு மேலால் சுலைஹா ராத்தாவின் தலை தெரிந்தது. "அனஸ் மகன், இண்டைக்கி ஒருக்காச் சொல்லுங்களன். எங்களுக்குப் பசிக்கிது" என்றார். பாதி பகிடி, பாதி உண்மை.

நவாஸ் மகனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போது அவன் பாங்கு சொன்னால் நாங்கள் நினைத்ததெல்லாம் பிழை, பை நாளையே போய்விடும். அனஸ் மாடிப்படியில் இருந்தான். காது மூடி கழுத்தில் தொங்கியது. படியின் பூசாத ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுலைஹா ராத்தா இன்னொரு முறை கேட்டார். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஒழுங்கை அமைதியாக இருந்தது. அவனுக்கு வேண்டியது அவனிடம் இருந்தது.

கடைசியில் மோதினார் பள்ளி வாசலில் வந்து நின்று, மைக் இல்லாமல் வெறும் குரலில் பாங்கு சொன்னார். மெல்லியதாக வந்தது. எல்லாரும் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி வாயில் போட்டோம். நவாஸ் போடவில்லை. ஈத்தம்பழத்தைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

"விளையாட்டுக்குச் சொல்றவனெண்டா, டீச்சர், இண்டைக்கெல்லோ சொல்லியிருப்பான்" என்றார். "வாயில்லாத புள்ள சத்தத்த நிப்பாட்டச் சொல்லிக் கேட்டிரிக்கான். நான் அடிச்சிட்டன்."

றிசானா எழுந்து போய் அந்தப் பையை எடுத்தார். புதுச் சாரன்களை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கும் சத்தம் கேட்டது. நவாஸ் அவரைத் தடுக்கவில்லை. அன்றிரவே மிஸ்ஸுக்கு ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு "ம்" என்றார். அவரிடம் ஒரு 'ம்' வாங்குவது லேசான காரியமில்லை.

அனஸ் இப்போது இளைஞன். காலையில் கடை திறப்பதற்கு முன்பே வாப்பாவோடு போய், சாரன்களை விளிம்புக்கு விளிம்பு பொருத்தி மடித்து அடுக்குவான். பஜாரில் ஆள் கூடத் தொடங்கும்போது வீட்டுக்கு வந்துவிடுவான். நவாஸின் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. வாப்பாவும் உம்மாவும் இல்லாத காலத்துக்கு, மேல்மாடியைப் பூசி முடித்துத் தங்கையோடு அவனும் இருக்க ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அது போதுமா என்று எவருக்கும் தெரியாது.

இப்போது தொட்டால் பேசும் டெப் கணினியெல்லாம் அலகுகளுக்கு வந்திருப்பதாக, இதை எழுதக் கேட்ட ஆசிரியைகள் சொன்னார்கள். நல்ல விசயம். பட அட்டைகள் இனித் தேவையா என்றும் கேட்டிருந்தார்கள். அட்டையோ டெப்போ எனக்கு ஒன்றுதான். பிள்ளை கேட்டால், கேட்டது அந்த நேரமே கிடைக்க வேண்டும்.

போன பெருநாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். விருந்துக்கு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நடுவில் இருந்து, அனஸ் எப்படியிருந்தவன், நாங்கள் எப்படி அவனைக் கொண்டுவந்தோம் என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அனஸ் வந்தான். என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஓர் அட்டையை வைத்தான். நான் வரைந்த அதே பையன், காதைப் பொத்திக்கொண்டு.

கேட்டதை உடனே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் விதி. வாயை மூடினேன்.